சாலையில் உங்களுக்கு எரிச்சல் தருவது எது?



நம் சபைகளில் ஒரு குடும்பத்தார் முதன்முதலாகக் கார் வாங்கினால் என்ன நடைபெறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் போதகரை வாசலுக்கு அழைத்துச் செல்லுவார்கள். அவர் வண்டியின்மேல் கைகளை வைத்து ஜெபிப்பார். பின்கண்ணாடியில் ஒரு வசனம் ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளைகள் எல்லாருக்கும் இனிப்பு வழங்கப்படும். நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஒரு தகரப் பெட்டியுடன் மும்பைக்கு ரயிலேறி வந்த குடும்பங்களுக்கு அது எத்தனை பெரிய நாள்! கடந்த முப்பது ஆண்டுகளில் இப்படி எத்தனையோ வண்டிகளுக்காக நான் ஜெபித்திருக்கிறேன்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பின் தேநீர் அருந்தும் வேளையில், வண்டி ஓட்டுகிற நம் சகோதர சகோதரிகளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். உங்கள் வண்டியில் உங்களுக்குப் பிரியமானது எது? சாலையில் உங்களுக்கு அறவே பிடிக்காதது எது? முதலாம் கேள்விக்குப் புன்னகையோடு பதில் வந்தது. இரண்டாம் கேள்விக்குக் குரல்கள் உயர்ந்தன!

பிரியமான வண்டிகள்

எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் நீண்ட காலம் கறுப்பு மஞ்சள் டாக்சி ஓட்டியவர். அவருக்கு வண்டி என்றால் பிரீமியர் பத்மினிதான். குர்லாவில் 1964-இல் ஃபியட் 1100 என்ற பெயரில் உருவாகத் தொடங்கி, 1974 முதல் பத்மினி என்று அழைக்கப்பட்ட வண்டி அது. "பாஸ்டர், கியர்க் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து சரிசெய்துவிடுவார்" என்றார். மழைக்காலத்தில் கிளம்ப மறுக்கும், கோடையில் இன்ஜின் கொதிக்கும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். பத்மினி டாக்சிகளில் கடைசியாகப் பதிவுசெய்யப்பட்டது 2003 அக்டோபர் 29-ஆம் தேதியன்று. மும்பையில் டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட இருபது ஆண்டு வரம்பு 2023 அக்டோபரில் நிறைவடைந்தபோது அந்த வண்டி நகரத்திடமிருந்து விடைபெற்றது. அன்று தமது கண்கள் கலங்கியதை மூப்பர் மறைக்கவில்லை.

வேறொருவர் மாருதி 800-ஐ நினைவுகூர்ந்தார். 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட அந்தச் சிறிய வண்டிதான் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்குக் காரை எட்டும் தூரத்தில் கொண்டுவந்தது. 796 சி.சி. இன்ஜின், இலேசான உடல், நல்ல மைலேஜ். ஆனால் பின்னிருக்கையில் மூன்று பெரியவர்கள் அமர்ந்தால் தோள்கள் மோதும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ 1998-இல் வந்தபோது, "நம்ம ஊர் வண்டி" என்ற பெருமைக்காகவே அதை வாங்கியதாக ஒரு சகோதரர் சொன்னார். மூட்டுவலியுள்ள ஒரு தாயாரோ தம் மகனுடைய வேகன் ஆர் வண்டியைப் புகழ்ந்தார். கூரை உயரமானதால் குனியாமல் ஏறி, நிமிர்ந்து அமரலாம் அல்லவா?

சபைகளின் செல்லப்பிள்ளை ஆம்னி வேன்தான். கீபோர்டு, ஒலிபெருக்கிப் பெட்டி, பாய்கள், பாடகர் குழு என அனைத்தையும் சுமந்தது அது. முன்னிருக்கைகளின் கீழேயே இன்ஜின் இருப்பதால் ஓட்டுகிறவருக்குச் சூடு தாங்காது. முன்புறம் இன்ஜின் மூடியே இல்லாத அமைப்பானதால், எதிலேனும் மோதினால் முதலில் அடிபடுவது கால்களே. 2019-இல் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது.

இன்று சி.என்.ஜி. வண்டி வைத்திருப்போர் செலவு குறைவதைப் பாராட்டுகிறார்கள். ஆனால் டிக்கியில் பெரும்பங்கைச் சிலிண்டர் எடுத்துக்கொள்வதையும், பங்க்குகளில் நீளும் வரிசையையும் நொந்துகொள்கிறார்கள். தானாகக் கியர் மாற்றும் வசதி இப்போது சிறிய வண்டிகளிலும் உண்டு. நாள்தோறும் சயானிலிருந்து அந்தேரிக்குச் செல்லும் ஒரு செவிலியர் சகோதரி, "கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வலித்தது, பாஸ்டர். இப்போது வீட்டுக்கு வந்து நின்று சமைக்க முடிகிறது" என்றார்.

எரிச்சலின் பட்டியல்

இரண்டாம் கேள்விக்கு வந்த பதில்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். முதலிடம் ஹாரனுக்கே! சிவப்பு விளக்கு பச்சையாகும் முன்னரே பின்னாலிருந்து எழும்பும் அந்தச் சத்தத்தைக் குறித்து முறையிடாதவர் ஒருவருமில்லை. லாரிகளின் பின்புறம் ஹாரன் அடிக்கும்படி அழைத்த அந்தப் பழைய வாசகத்தை எழுதக்கூடாது என்று மகாராஷ்டிர அரசு 2015-இல் தடைவிதித்தது. மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை 2020-இன் தொடக்கத்தில் ஒரு புதுமையான சோதனையைப் பற்றி அறிவித்தது. சில சிக்னல்களில் ஒலியளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டினால், சிவப்பு விளக்கின் நேரம் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பமாகும். அதிகமாக ஹாரன் அடித்தால் அதிக நேரம் காத்திருக்கவேண்டும்! 2023 ஜூன் 14-ஐ ஹாரன் அடிக்காத நாளாகவும் அவர்கள் அறிவித்தார்கள்.

அடுத்து, இரவில் கண்களைக் கூசச்செய்யும் ஹை பீம் விளக்கு. எதிரே வருகிறவர் சில நொடிகள் குருடரைப்போல் ஓட்டவேண்டியதாகிறது. பின்பு, இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே பாய்வது. ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வருவது. பின்னால் பாராமல் கதவைத் திறந்து பைக்கில் வருகிறவரை வீழ்த்துவது. மழையில் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒன்றாக எரியவிட்டுக்கொண்டே ஓட்டுவது. அவ்வாறு எரியவிட்டால் வண்டி நிற்கிறதா, திரும்பப்போகிறதா என்பதைப் பின்னால் வருகிறவர் எப்படி அறிவார்? மழைநீர் தேங்கிய பள்ளத்தில் வேகமாகச் சென்று, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சீருடையை நனைப்பதையும் ஒரு தாயார் வேதனையோடு சொன்னார். இறுதியாக, பலர் ஒருமித்த குரலில் சொன்னது: வழியை அடைத்து வண்டியை நிறுத்துவது.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். என் உள்ளம் அந்த இறுதி வரியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தக் குற்றத்தைச் செய்தவன் நான்.

அந்த ஞாயிறு காலை

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. எங்கள் ஆராதனைக் கூடம் ஒரு குறுகலான சந்தின் முனையில் இருந்தது. அன்று நான் தாமதமாக வந்தேன். கொண்டுவந்த ஒலிபெருக்கிகளை இறக்கிவிட்டு, "ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்" என்று எண்ணி, ஆம்னியைச் சந்தின் வாயிலிலேயே நிறுத்தினேன். ஆராதனை ஆரம்பமாயிற்று. வண்டியை மறந்தேபோனேன்.

ஜெபவேளையின் நடுவே வெளியே ஒரு ஹாரன் விடாமல் ஒலித்தது. எனக்குள் எரிச்சல் மூண்டது. தேவசமூகத்தில் இருக்கும் வேளையில் இப்படியும் ஒரு தொல்லையா என்று எண்ணினேன். ஜன்னல்களை மூடும்படி ஒரு வாலிபனுக்குச் சைகை காட்டினேன். ஜன்னல்கள் மூடப்பட்டன. சத்தம் குறைந்தது. ஜெபம் தொடர்ந்தது.

சற்று நேரத்துக்குப்பின் யாரோ கதவைப் பலமாகத் தட்டினார்கள். சந்தின் உட்புறம் குடியிருந்த ஒரு மராத்தியக் குடும்பத்தின் பெரியவருக்கு மார்புவலி. அவரை ஏற்றியிருந்த டாக்சி வெளியேற முடியாமல் என் வண்டிக்குப் பின்னால் நின்றது. நான் சாவியுடன் ஓடினேன். அன்று என் கைகள் நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை. டாக்சியின் பின்னிருக்கையில் அந்தப் பெரியவர் வேர்த்துச் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவி என்னை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

தேவகிருபையால் அவர் பிழைத்துக்கொண்டார். மறுவாரம் மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அவருடைய மகன் கோபப்படவில்லை. எனக்குத் தேநீர் கொடுத்தார். பின்பு ஹிந்தியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஃபாதர், வண்டியின் கண்ணாடியில் உங்கள் போன் நம்பரையாவது எழுதி வைத்திருக்கலாமே. வசனம் எழுதியிருந்தது. அதை நாங்கள் படித்துக்கொண்டே நின்றோம்."

வாசகரே, அந்தச் சொல் என்னை இன்றுவரை விடவில்லை. நான் வெறுத்த ஹாரன் சத்தத்துக்குக் காரணமே நான்தான். துரும்பையும் உத்திரத்தையும் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருந்த எனக்கு, என் உத்திரம் சந்தின் வாயிலிலேயே நின்றிருந்தது தெரியவில்லை.

ஒருவரும் சொல்லாத குறை

அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது வேறொன்றும் என் கவனத்துக்கு வந்தது. சீட் பெல்ட்டைப் பற்றி ஒருவரும் பேசவேயில்லை! காரணம் என்ன? பெல்ட் போடாதவர் நமக்கு எரிச்சல் மூட்டுவதில்லை. அவர் சத்தமிடுவதில்லை, வழியை மறிப்பதில்லை. நமக்கு எரிச்சல் தருபவற்றையே நாம் பெரிய குற்றங்களாக எண்ணுகிறோம். ஆனால் சத்தமின்றிக் கொல்லுகிற குற்றங்களும் உண்டு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022-இல் நம் தேசத்துச் சாலைகளில் மரித்தோர் 1,68,491 பேர். அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதிருந்தவர்கள். அவர்களிலும் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்லர். உடன் பயணம் செய்தவர்கள். அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி, மும்பைக்கு அருகே பால்கர் மாவட்டத்தில் நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்று காவல்துறை தெரிவித்தது. விலையுயர்ந்த வண்டியும் அவரைக் காக்கவில்லை. அந்த நவம்பர் முதல் மும்பையில் பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்று காவல்துறை வலியுறுத்தியது. அணியாவிட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய்.

இது ஏன் அவசியம்? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி திடீரென நின்றாலும், உள்ளே இருக்கிறவருடைய உடல் அதே வேகத்தில் முன்னே செல்லும். பின்னிருக்கையிலிருப்பவர் முன்னிருக்கையிலிருப்பவர்மேல் விழுவார். முன்னிருக்கையில் மடியில் குழந்தையை வைத்திருக்கும் தாயின் கரங்கள் எவ்வளவு அன்பானவையாயினும், அந்த வேகத்தைத் தாங்கிப்பிடிக்கும் பலம் அவற்றுக்கு இல்லை. காற்றுப்பை விரியும் வேகமும் குழந்தைக்கு ஆபத்தே.

ஆகிலும் நாம் என்ன செய்கிறோம்? பெல்ட் அணியும்படி வண்டி எழுப்பும் ஒலியை அடக்குவதற்காக ஒரு சிறு கொக்கியை வாங்கி மாட்டுகிறோம்! இவற்றை விற்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. எச்சரிப்பின் சத்தம் தொல்லையாகத் தோன்றியதால் அன்று நான் ஜன்னலை மூடினேன். இந்தக் கொக்கியும் மூடப்பட்ட ஜன்னல் அல்லவா?

இந்த ஞாயிறு முதல்

எங்கள் சபையில் நாங்கள் கைக்கொண்டுவரும் சிலவற்றை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கவேண்டும். அந்தப் போனை ஆராதனை வேளையிலும் அணைத்துவிடாமல், வாசலில் நிற்கும் சகோதரரிடம் கொடுத்துவிடவேண்டும். சந்தின் வாயிலில் போதகர் உட்பட எவரும் வண்டியை நிறுத்தலாகாது. தூரத்தில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நடந்துவரலாம்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதிருப்பது பத்தாயிரம் ரூபாய் அபராதத்துக்குரிய குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலங்களில் ஹாரனைத் தொடாதீர்கள். கதவைத் திறக்குமுன், கதவுக்குத் தூரமான கையால் கைப்பிடியைப் பிடியுங்கள். வலப்புறம் அமர்ந்திருப்பவர் இடது கையால் திறந்தால், உடல் தானாகத் திரும்பி, பின்னால் வருகிறவரைக் கண்கள் காணும். எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்துங்கள். பின்னிருக்கையிலுள்ள எல்லாரும் பெல்ட் அணிந்தபின்பே சாவியைத் திருப்புங்கள். "பக்கத்தில்தானே போகிறோம்" என்று சொல்லாதீர்கள்.

இப்போது புதிய வண்டிக்காக ஜெபிக்க என்னை அழைக்கும்போதெல்லாம், முதலில் பின்னிருக்கையின் பெல்ட்டுகளை இழுத்துப் பார்க்கிறேன். பலருடைய வண்டிகளில் அவை இருக்கையுறைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து, பிள்ளைகளை உட்காரவைத்து, மாட்டிக் காண்பிக்கிறேன். அதன்பின்பே வண்டியின்மேல் கை வைக்கிறேன்.

அந்த மராத்தியப் பெரியவர் இன்றும் காலையில் சந்தின் முனைக்கு வந்து நாளிதழ் வாங்குகிறார். என்னைக் கண்டால் கையசைப்பார். சில வேளைகளில் என் வண்டி எங்கே நிற்கிறது என்று வேடிக்கையாய்ச் சுற்றிலும் தேடுவார். நான் தூரத்திலுள்ள புளியமரத்தைக் காட்டுவேன்.

அன்பானவர்களே, உங்கள் வண்டி இந்த ஞாயிறன்று எங்கே நிற்கப்போகிறது?