கார் வாட்டர் பம்ப் கசிந்தால்: வீட்டிலேயே மாற்ற விரும்புவோருக்கு

பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இயந்திரங்களோடு வாழ்பவர்கள்; லேத் பட்டறை, சி.என்.சி. கூடம், முலாம் பூசும் தொழில் என ஏதேனும் ஒன்றை நடத்துபவர்கள். சென்ற கோடையில் எங்கள் ஊழியர் ஒருவரின் காருக்கு அடியில் பச்சை நிறத்தில் ஓர் ஈரத் திட்டு தென்பட்டது. அதை முதலில் கவனித்தவரும் அப்படியொரு பட்டறை உரிமையாளர்தாம். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தவர், "இது ஏ.சி. தண்ணீர் இல்லை சார், கூலன்ட். வாட்டர் பம்ப் சீல் போய்விட்டது" என்றார்.

ஊழியர் பத்து நாளில் தம் தாயாருடன் சேலம் செல்ல இருந்தார். பழைய கார் வாங்கப் பெற்ற கடனில் இன்னும் 14 தவணைகள் பாக்கி இருந்தன. "சொட்டுதானே, போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்பதே அவருடைய முதல் எண்ணம். எங்களில் பலருடைய எண்ணமும் அதுவாகவே இருந்தது.

வாட்டர் பம்ப் எளிமையான பொருள். என்ஜினின் சுழற்சியை ஒரு பெல்ட் பம்ப்பின் புல்லிக்குக் கொண்டு செல்கிறது. புல்லியோடு இணைந்த தண்டின் மறுமுனையில் உள்ள இறக்கைச் சக்கரம், கூலன்ட்டை என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓயாமல் சுழலச் செய்கிறது. தண்டைத் தாங்குவது பேரிங். கூலன்ட் அந்தப் பேரிங்கை அடையாமல் காப்பது சீல். சீல் தேய்ந்தால் கசியும் நீர் வெளியேறுவதற்கென்றே பம்ப்பின் உடலில் ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். அத்துளையில் ஈரமோ, காய்ந்து படிந்த பச்சை அல்லது இளஞ்சிவப்புப் படிவமோ தெரிந்தால் சீலின் ஆயுள் முடியத் தொடங்கிவிட்டது என்று பொருள். குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே கணக்கு இறங்கும்போது நாங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியைப் போன்றது அது. அபராதம் அதற்குப் பிறகுதான் வரும்.

அபராதம் சிறியதன்று. கூலன்ட் குறைந்தால் என்ஜின் சூடேறும். அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளையும். ஹெட் காஸ்கெட் பழுதாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் திறந்த பாத்திரத்து நீர் 97 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால்தான் கூலன்ட் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. கசிவு அந்த அழுத்தத்தையும் குறைத்துவிடும். தும்கூரு சாலை நெரிசலில் கார் நிற்கும்போது பம்ப்பும் மெதுவாகவே சுழல்கிறது, எதிர்காற்றும் இல்லை. வெப்பமானியின் முள் அத்தகைய வேளையில்தான் திடீரென ஏறும்.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். வழக்கமான கார் பேக்கேஜ் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை. என்ஜின் பாதுகாப்புக்கெனக் கூடுதல் பிரீமியம் செலுத்தியிருந்தாலும், கசிவு தெரிந்த பின் ஓட்டியதால் நேர்ந்த சேதத்துக்கு அது பொருந்துமா என்பதைப் பாலிசியின் வாசகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிய கார்களுக்கான பம்ப் பொதுவாகச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஹெட் வேலை அதைப் போல் பல மடங்கு. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டுக் கசிவை அடைக்கும் நெடுஞ்சாலை வைத்தியத்தையும் எங்களுக்குச் சிலர் பரிந்துரைத்தனர். சுழலும் தண்டின் சீலில் தூள் நிற்காது. ரேடியேட்டரின் நுண்குழாய்களில்தான் போய் நிற்கும்.

வீட்டில் செய்யத் தகுந்த வேலையா என்பது பம்ப்பை எந்த பெல்ட் இயக்குகிறது என்பதைப் பொறுத்தது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் வெளி பெல்ட்டே பம்ப்பையும் இயக்குமானால், பொறுமையும் கருவிகளும் உள்ளவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம். டைமிங் பெல்ட் இயக்குமானால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அந்த பெல்ட் ஒரு பல் தவறி மாட்டப்பட்டாலும் சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். அவ்வகைக் கார்களில் பம்ப்பையும் பெல்ட்டையும் ஒன்றாகவே மாற்றுவது வழக்கம். வாரண்டிக் காலம் முடியாத காரில் நாமே கைவைப்பதும் உசிதமன்று.

எங்கள் ஊழியரின் கார் முதல் வகை. ஜே.சி. சாலையில் பம்ப், காஸ்கெட், கூலன்ட் ஆகியவற்றை ஜி.எஸ்.டி. பில்லுடன் வாங்கினார். பில் இல்லாத உதிரிபாகம் போலியாக இருந்தால் திருப்பிக் கொடுக்க இயலாது. என்ஜின் இரவு முழுதும் ஆறிய பிறகே வேலை தொடங்கியது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிநீர் பீறிடும். இதில் விதிவிலக்கே கிடையாது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, பழைய கூலன்ட்டை அகன்ற பாத்திரத்தில் பிடித்தோம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தெருநாய்களும் குழந்தைகளும் அணுகாதவாறு மூடிவைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படைக்க வேண்டும், சாக்கடையில் ஊற்றலாகாது. காருக்கு அடியில் செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளை வைத்துக்கொள்ள வேண்டும்.

புல்லியின் போல்ட்டுகளை பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். பெல்ட்டைக் கழற்றிய பின் முயன்றால் புல்லி கையோடு சுழலும். பம்ப்பின் போல்ட்டுகள் வெவ்வேறு நீளம் கொண்டவை. ஓர் அட்டையில் பம்ப்பின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வைத்தோம். நீளமான போல்ட்டைத் தவறான துளையில் முறுக்கினால் அலுமினிய உடல் விரிசல் காணும்.

நான்காவது போல்ட் உடைந்தது. அலுமினியத்தில் பல ஆண்டுகள் இறுகியிருந்த எஃகு போல்ட். தலை ஸ்பேனரோடு வந்துவிட, மீதி உள்ளே நின்றது. முதல்நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்திருந்தால் இது நேர்ந்திராது என்று பிற்பாடு அறிந்தோம். அன்று எங்களைக் காப்பாற்றியது பீன்யாதான். அந்தப் பட்டறை உரிமையாளரை அழைத்தோம். வெளியே நீட்டியிருந்த துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து, சற்று ஆறவிட்டு, ஸ்பேனரால் மெல்லத் திருப்பி எடுத்துவிட்டார். அவருக்குச் சில நிமிட வேலை. அதுவரை எங்களுக்கு இரண்டு மணி நேரக் கவலை.

பழைய காஸ்கெட்டைச் சுரண்டும்போது உலோகப் பரப்பில் கீறல் விழக்கூடாது. கீறல் வழியே மீண்டும் கசியும். புதிய பம்ப்பை வைத்து எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் முறுக்கி, பிறகு எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது காரின் பணிக் கையேட்டில் இருக்கும். அதற்கு டார்க் ரெஞ்ச் தேவை. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். பலத்தைக் காட்டும் இடமன்று.

கூலன்ட்டைக் கலப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்த வேண்டாம். கடின நீர், கெண்டியில் படிவது போலவே ரேடியேட்டரிலும் சுண்ணாம்பாகப் படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்து, மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் இயக்கி, என்ஜினை மெதுவாக ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறி மட்டம் இறங்கும். மீண்டும் நிரப்பிக் குமிழி நின்றதும் மூடிவிடலாம். காற்று உள்ளே தங்கினால், புதிய பம்ப் இருந்தும் என்ஜின் சூடேறும்.

அன்றிரவு காருக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தோம். காலையில் அது உலர்ந்தே இருந்தது. அடுத்த வாரம் அவர் தாயாருடன் சேலம் சென்றார். திரும்பும் வழியில் தொப்பூர் ஏற்றத்திலும் முள் நடுவிலேயே நின்றதாக எங்களுக்குச் செய்தி அனுப்பினார். ஆறிய என்ஜினில் கூலன்ட் மட்டத்தை முதல் இரு வாரங்கள் தினமும் காலையில் பார்த்து, சிறிதளவு குறைந்திருந்ததை ஒருமுறை நிரப்பினார்; அதன் பின் குறையவில்லை.