மார்கழிக் குளிரில் வண்டியைச் சூடாக்க வேண்டுமா?

மார்கழி மாதம். காலை மணி நாலரை.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையைப் பனி மூடியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவிலுக்குப் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள்.

அந்த நேரத்தில் தெருவில் ஒரு பெரிய உறுமல் கேட்கிறது. அது பால் வண்டி!

டிரைவர் சாவியைத் திருப்புகிறார். ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்கிறார். வண்டி அலறுகிறது. புகை தெருவெல்லாம் பரவுகிறது. பிறகு அவர் இறங்கி டீக்கடைக்குப் போய்விடுகிறார். கால் மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏன் அண்ணே, வண்டியை அணைக்கவில்லையா?" என்று கேட்டால், "குளிர் காலம் தம்பி! என்ஜின் சூடாக வேண்டாமா?" என்பார்.

இது தேவைதானா? தேவை இல்லை. அது மட்டும் அல்ல. இடம் தவறினால் இந்தப் பழக்கம் உயிரையே வாங்கிவிடும்!

கரியில் ஓடிய பஸ்

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு.

இரண்டாவது உலக யுத்தம் நடந்தபோது பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது தமிழ்நாட்டில் பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. பஸ்ஸின் பின்னால் உயரமான ஓர் அடுப்பு இருக்கும். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே இத்தகைய கருவியைத் தயாரித்தது.

விடியற்காலையில் கிளீனர் கரியைக் கொட்டித் தீ மூட்டுவார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதுவார். போதுமான வாயு வந்த பிறகுதான் பஸ் கிளம்பும். அதுவரை பயணிகள் காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. கரி பஸ் மறைந்தது. ஆனாலும் அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டிகளில் "கார்புரேட்டர்" என்ற கருவி இருந்தது. என்ஜின் குளிர்ந்திருந்தால், அது பெட்ரோலையும் காற்றையும் சரியாகக் கலக்காது. வண்டி இருமும், நின்றுவிடும். ஆகவே கொஞ்ச நேரம் சூடாக்குவது அவசியமாக இருந்தது.

இன்றைய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. குளிருக்குத் தக்கபடி எரிபொருளை அளந்து கொடுக்கும் மின்னணுக் கருவி வந்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

சைக்கிள் பம்பு சொல்லும் பாடம்

பால், காய்கறி, தேங்காய், நூல் மூட்டை ஆகியவற்றைச் சுமக்கும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். "குட்டி யானை" என்று மக்கள் செல்லமாக அழைக்கும் சின்ன வண்டிகளிலும் டீசல் உண்டு, பெட்ரோலும் உண்டு.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. பின் எப்படி எரிகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்குத் தெரியும். நாலு முறை வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். ஜெர்மானிய என்ஜினீயர் ருடால்ப் டீசல், 1897-ல் ஓட்டிக் காட்டிய என்ஜினும் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்தது. காற்றைப் பலமாக அமுக்கினால் அது 500 டிகிரிக்கும் மேல் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது.

என்ஜின் மிகவும் குளிர்ந்திருந்தால், அந்தச் சூட்டை இரும்பு குடித்துவிடும். அதற்காகத்தான் "ஹீட்டர் பிளக்" வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் சுருள் போன்ற ஒரு விளக்கு எரிகிறதே, அது ஹீட்டர் பிளக் சூடாகிறது என்பதற்கு அடையாளம். அந்த விளக்கு அணைந்ததும் "ஸ்டார்ட்" செய்யலாம். சில விநாடி வேலைதான்.

எது குளிர்?

லடாக்கில் குளிர் காலத்தில் தண்ணீர் மட்டும் அல்ல, டீசலும் கெட்டியாகிவிடும். டிரைவர்கள் அதில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினார்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அங்கே குளிர்கால டீசலை அறிமுகம் செய்தது. அது மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் தன்மை உடையது.

கனடாவில் இரவில் என்ஜினுக்கு மின்சார ஹீட்டரைச் செருகி வைப்பார்கள். அது குளிர்!

ராஜபாளையத்தில் மார்கழி விடியலிலும் ஏறக்குறைய 20 டிகிரி இருக்கும். மனிதனுக்குத்தான் போர்வை வேண்டும். என்ஜினுக்கு வேண்டியது இல்லை.

இந்தக் குளிரிலேயே ஒரு வண்டி கிளம்ப மறுத்தால், அது நோயாளி வண்டி. பேட்டரி இறங்கியிருக்கலாம். ஹீட்டர் பிளக் கெட்டிருக்கலாம். டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுவதே வழி.

நஷ்டம் யாருக்கு?

நிற்கும் வண்டியில் என்ஜின் மெதுவாகத்தான் சூடாகும். ஓடும் வண்டியில் விரைவில் சூடாகும். நின்றபடி ஓடினால் எரிபொருள் முழுவதும் எரியாது. கரி படியும். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதுவும் அடைத்துக்கொள்ளும்.

பணக் கணக்கையும் பாருங்கள். நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் அரை லிட்டர் டீசல் தீரும். தினம் 10 நிமிடம் என்றால் மாதம் 5 மணி நேரம். இரண்டரை லிட்டர் டீசல் புகையாகப் போகிறது!

உயிர் குடிக்கும் வாயு

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால்?

குளிருக்குப் பயந்து சிலர் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே வண்டியை ஓடவிடுகிறார்கள். சிலர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓடும் வண்டிக்குள் தூங்குகிறார்கள். இரண்டும் பேராபத்து!

வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அன்று கரி பஸ்ஸை ஓட்டியதும் பெரும்பாலும் இதே வாயுதான். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. பக்கத்தில் இருந்தாலும் தெரியாது.

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் பிராண வாயுவைச் சுமந்து செல்கின்றன. இந்த விஷ வாயு, பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு அந்த அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. அப்புறம் பிராண வாயுவுக்கு இடம் ஏது?

முதலில் தலை வலிக்கும். பிறகு தலை சுற்றும், வாந்தி வரும். தூக்கம் என்று நினைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவே மாட்டார். பெட்ரோல் வண்டியில் இந்த வாயு அதிகம். டீசலில் குறைவு, ஆனால் மூடிய அறையில் எந்தப் புகையும் ஆபத்தே. கதவைப் பாதி திறந்து வைத்தாலும் போதாது.

யாராவது மயங்கிக் கிடந்தால், முதலில் கதவுகளைத் திறக்க வேண்டும். என்ஜினை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். காற்றோட்டம் வராமல் உள்ளேயே நின்றுகொண்டிருந்தால், காப்பாற்றப் போனவரும் விழுந்துவிடுவார்.

அரை நிமிடம் போதும்

சரி, என்னதான் செய்வது?

வண்டியை வெளியே வெட்டவெளியில் நிறுத்திப் பழகுங்கள். ஷெட்டில் நின்றால், கதவுகளை அகலத் திறந்த பிறகே "ஸ்டார்ட்" செய்து, உடனே வெளியே கொண்டுவாருங்கள்.

கிளம்பும் முன் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். கதகதப்பைத் தேடி நாய்க்குட்டியோ பூனையோ படுத்திருக்கும். என்ஜின் மூடியை இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே இருப்பதும் ஓடிவிடும்.

சுருள் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்புங்கள். பத்து விநாடிக்குள் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அரை நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். விடாமல் திருப்பினால் பேட்டரிதான் சாகும்.

என்ஜின் ஓடத் தொடங்கியதும் அரை நிமிடம் பொறுங்கள். அதற்குள் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஓங்கி மிதிக்க வேண்டாம். பிறகு கிளம்பி, முதல் இரண்டு மூன்று கிலோ மீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். வண்டி தானே சூடாகும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தான். அங்கே பால்கோவா அடுப்புகள் பாலுக்காகக் காத்திருக்கின்றன. அந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே பெருமை தேடித் தந்த பண்டம்! அதற்குப் பால் கொண்டுபோகும் டிரைவருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

மெதுவாகக் கிளம்பினாலும் பால் நேரத்துக்குப் போய்ச் சேரும். டிரைவரும் நலமாக வீடு திரும்புவார். அதற்கு வேண்டியது அரை நிமிடப் பொறுமையும், திறந்த கதவும்தான்!