வாடும் பயிரும் உறங்கும் உழவனும்

ஆண்டவர் சொன்ன உவமைகளுள் மிகச் சிறியதொன்று மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் உண்டு. விதைத்தவன் இரவில் உறங்கிப் பகலில் எழுகிறான். எப்படி என்று அவனுக்கே தெரியாமல் விதை முளைத்து வளர்கிறது. இளவாலையிலும் சில்லாலையிலும் தோட்டம் செய்து பழகிய நம் குடும்பங்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இறைத்து, களை பிடுங்கி, பசளையிட்ட பிறகு உழவன் உறங்கத்தான் வேண்டும். மீதிக் காரியம் அவன் கையில் இல்லை.

இந்த உவமையை அப்படியே தலைகீழாக்கிய ஒரு தோட்டத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். 2009 ஜூன் மாதத்தில் முகநூலில் 'ஃபாம்வில்' என்ற இலவச விளையாட்டு அறிமுகமானது. அமெரிக்காவின் சிங்கா நிறுவனம் உருவாக்கிய அதனை, 2010இன் தொடக்கத்தில் மாதந்தோறும் 8 கோடிக்கும் அதிகமானோர் விளையாடினர். குடாநாட்டில் போர் ஓய்ந்து, கணினியும் இணையமும் வீடுகளுக்குள் பரவத் தொடங்கிய காலமும் அதுவே. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சிதறிக்கிடந்த உறவுகள் திரையில் அயல் தோட்டக்காரர் ஆனார்கள். அதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி இருந்ததை மறுக்க முடியாது.

அந்தத் தோட்டத்தில் ஸ்ரோபெரிப் பழம் 4 மணித்தியாலத்தில் விளைந்துவிடும். குறித்த நேரத்துக்குள் வந்து அறுக்காவிட்டால் வாடிப்போகும். பயிருக்கு என்ன அவசரம்? அங்கே வெயிலும் இல்லை, பூச்சியும் இல்லை. அவசரமெல்லாம் விளையாட்டை அமைத்தவர்களுக்கே. நீங்கள் எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், 4 மணித்தியாலத்தில் திரும்பி வரவேண்டும் என்பதே அந்த வாடலின் நோக்கம். 2012இல் முகநூலுக்கு வந்த 'கன்டி கிறஷ்' விளையாட்டிலும் இதே சூத்திரம் வேறு உடையில் இருக்கிறது. 5 உயிர்கள், இழந்த ஒன்று திரும்ப 30 நிமிடம். பொறுக்க முடியாதவர் நண்பரிடம் இரக்கலாம், அல்லது பணம் செலுத்தலாம். பெரும்பாலானோர் ஒரு சதமும் கொடுப்பதில்லை. கொடுக்கும் சிலரைக் கொண்டே கடை நடக்கிறது. கொடுக்காத நம்மால் பயனில்லையா என்றால், உண்டு. உறவினரையும் நண்பரையும் அழைத்து வருபவர்கள் நாமே.

நானும் விளையாடியவன்தான். ரொறன்ரோவில் வாழும் என் பெரியம்மாவின் மகள் அழைத்து, அவருக்கு அயலவன் ஆனேன். வைகறையில் தோட்டத்துக்கு இறைக்க எழுந்த அப்பா, என் அறையில் வெளிச்சத்தைக் கண்டு, செபத்துக்கு எழுந்துவிட்டேன் என எண்ணி, ஓசையின்றிக் கதவைச் சாத்திவிட்டுப் போனதுண்டு. நான் அவரைத் திருத்தவில்லை. அக்காவிடமிருந்து நாள் தவறாமல் பரிசு வரும்: ஒரு மரக்கன்று, ஒரு கோழி. நானும் அனுப்புவேன். நாள்தோறும் அக்காவோடு தொடர்பில் இருக்கிறேன் என்றே நம்பினேன். ஒருமுறை மூன்று வாரமாகப் பரிசு எதுவும் வரவில்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. என் தோட்டத்தைப் பெரிதாக்க அவருடைய உதவி வேண்டியிருந்தது. பின்னர் பெரியம்மா வேறொரு காரியமாகத் தொலைபேசி எடுத்தபோதுதான், அக்கா சத்திரசிகிச்சை முடிந்து மருத்துவமனையில் கிடந்ததை அறிந்தேன். அந்த மூன்று வாரமும் நான் அவருக்குத் தவறாமல் மரக்கன்று அனுப்பியிருக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

அப்படியானால் விளையாடுவதே பிழையா? இல்லை. மனம் இளைப்பாற விளையாட்டு வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்தார். நம் முன்னோர் வேம்பின் நிழலில் 304 கடதாசி விளையாடவில்லையா? அந்த விளையாட்டுக்கு நான்கு பேர் வேண்டும். திருந்தாதி மணி கேட்டு ஒருவர் எழுந்தால் ஆட்டம் தானாகவே கலையும். இணையத்தில் நான்காவது ஆள் உலகின் எந்த மூலையிலாவது எப்போதும் விழித்திருக்கிறார். ஆட்டம் தானாகக் கலைவதில்லை; நாம்தான் எழவேண்டும். வேறுபாடு இவ்வளவே, ஆனால் இது சிறியதல்ல.

இன்று நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் இருப்பவை 'ஃப்ரீ ஃபயர்', 'பப்ஜி' போன்றவை. பெற்றோரே, ஒன்றைக் கவனியுங்கள். மகன் நால்வர் அணியில் ஒருவனாய் ஆடிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியைப் பறித்தால், அவன் மற்ற மூவரையும் நடுவில் கைவிட்டவன் ஆகிறான். அவனுடைய கோபத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஃப்ரீ ஃபயரில் ஓர் ஆட்டம் ஏறத்தாழ 10 நிமிடம். பப்ஜியில் அரை மணி வரை செல்லும். ஆகவே எத்தனை ஆட்டம் என்பதைத் தொடங்குமுன் பேசுங்கள். அவனருகில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். அணியிலுள்ள மற்றவர்கள் யார் என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவின் வங்கி அட்டை எண்ணைப் பிள்ளையின் தொலைபேசியில் சேமித்து வைக்காதீர்கள். இரவில் எல்லோருடைய தொலைபேசியும், உங்களுடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 'விளையாட்டுக் கோளாறு' என்ற நிலையை நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது; 2022 ஜனவரி முதல் அப்பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதற்காகச் சிறிது அதிகம் விளையாடும் பிள்ளையை நோயாளி என்று அழைத்துவிட வேண்டாம். தன்னை நிறுத்த முடியாமை, படிப்பு, உறவு முதலிய எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கெடுதல் நேர்ந்தும் விடாமல் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தாலே அப்பெயர் பொருந்தும். விளையாடுவோரில் மிகச் சிறு பகுதியினரையே அது பாதிக்கிறது என்றும் அந்நிறுவனமே கூறுகிறது. அவ்வாறான அடையாளங்களைக் கண்டால் வசைபாடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

2025 செப்டெம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், கணினியை நேசித்த இத்தாலிய இளைஞர். 2006இல், 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவரும் திரையில் விளையாடியவரே. ஆனால் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று தமக்குத் தாமே அளவு வைத்திருந்தார். சீன அரசு 2021இல் சிறுவர்களுக்கு வாரத்தில் சில மணித்தியாலம் மட்டுமே என விதி வகுத்தது. அந்த விதியைவிட ஒரு பையன் தனக்கே இட்ட அளவு என்னை அதிகம் தொடுகிறது. அளவு ஒரு மணித்தியாலம்தானா, மூன்றா என்பதை உங்கள் வீடு தீர்மானிக்கட்டும். அதைப் பிள்ளையும் சேர்ந்து தீர்மானித்தால் நிலைக்கும்.

தவக்காலம் முழுவதும் நிறுத்திவிட்டு, உயிர்ப்பு ஞாயிறன்று விடியவிடிய விளையாடுபவர்களையும் நான் அறிவேன். நானே அப்படிச் செய்ததுண்டு. எனக்குப் பலன் தந்தது வேறொன்று. அக்காவின் செய்தி கேட்ட அன்று, வேண்டுமென்றே பயிரை வாடவிட்டேன். முதல் நாள் மனம் பதைத்தது. திரையில் கிடக்கும் வாடிய ஸ்ரோபெரிக்காக இத்தனை பதைப்பா என்று வெட்கமாகவும் இருந்தது. நீங்களும் ஒருமுறை உங்கள் விளையாட்டில் எதையாவது வாடவிட்டுப் பாருங்கள். பதைப்பு எவ்வளவு என்பதை உங்கள் மனமே சொல்லும். அதன் பிறகும் சில காலம் நான் விளையாடினேன், அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட்டு, எனக்கு ஓய்வுள்ள நேரத்தில் மட்டும்.

2020 டிசம்பர் 31ஆம் திகதி முகநூல் ஃபாம்வில் நிரந்தரமாக மூடப்பட்டது. அக்கா இப்போது ஞாயிறுதோறும், அங்கே காலைப் பூசை முடிந்தபின், இங்கே நாங்கள் இராச் சாப்பாட்டுக்கு உட்காரும் வேளையில் தொலைபேசி எடுப்பார். சில நாட்களில் அந்தப் பழைய தோட்டமும் பேச்சில் வரும். எந்த மூலையில் எதை நட்டிருந்தோம் என்று எங்கள் இருவருக்கும் நினைவில்லை.