மாட்டு ஈயை ஒழிக்குமிடம் எருக்குழியே

மாடு ஓயாமல் வாலைச் சுழற்றுவதையும் காலை உதைப்பதையும் அன்றாடம் காணும் நாம், அது அதன் இயல்பென்று விட்டுவிடுகிறோம். ஈயின் தொல்லையால் நிம்மதியாக மேயவும் அசைபோடவும் இயலாத பசு பால் குறையும். உழவு மாடு மெலியும். 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒடிசாவில் முதன்முதலாகக் காணப்பட்டு, பின்னர்ப் பல மாநிலங்களிலும் பரவிய தோல் கழலை நோயைப் பரப்புவனவற்றுள் கடிக்கும் ஈயும் ஒன்று.

கொட்டிலில் காணும் ஈக்கள் யாவும் ஓரினமல்ல. வீட்டு ஈ கடிப்பதில்லை; கண்ணீரையும் புண்ணின் நீரையும் நக்கும். ஏறக்குறைய அதே உருவமுள்ள கொட்டில் ஈயோ, ஊசி போன்ற வாயால் கால்களில் குத்தி இரத்தம் குடிக்கும். சில நிமிஷங்களில் வயிறு நிரம்பியதும் சுவரிலோ வேலியிலோ போய் அமர்ந்துவிடும். ஆகவே மாட்டின்மேல் மருந்து தெளிப்பதும், வேப்பிலை மூட்டம் போடுவதும் அப்போதைக்கு ஆறுதல் தருமேயன்றி ஈயின் பெருக்கத்தைத் தடுக்கமாட்டா. மருந்தையே நம்பியிருப்பதும் தகாது. டி.டி.டி.க்கும் சாகாத வீட்டு ஈக்கள் 1946ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் நாட்டில் தோன்றிவிட்டன.

வீட்டு ஈ சாணத்தில் ஒரு தடவைக்கு நூறு முட்டைகளுக்கு மேலும் இடும். கொட்டில் ஈ, மூத்திரமும் சாணமும் கலந்து அழுகிய வைக்கோற் கூளத்தை நாடும். வெப்பக் காலத்தில் முட்டை ஈயாக மாற, முன்னதற்கு 7 முதல் 10 நாட்களும், பின்னதற்கு ஏறக்குறைய 2 முதல் 3 வாரங்களும் ஆகும். இந்தக் கணக்கே நமக்கு வழிகாட்டி. 7 நாட்களுக்குள் அழுக்கை அகற்றினால் புழு ஈயாவதில்லை.

செய்ய வேண்டியவை எளியன. சாணத்தை அன்றன்றே வாரி எருக்குழியில் இட்டு, அழுத்தி, மண்ணால் மூடுக. உள்ளே எழும் சூட்டில் புழுக்கள் மடியும். ஓரங்களில் சூடு குறைவாதலால் அவற்றை அவ்வப்போது நடுவே தள்ளுக. தொட்டியடியிலும் முளையருகிலும் தேங்கிய ஈரக் கூளத்தை வாரந்தோறும் சுரண்டி எடுக்க. மூத்திரம் வடிந்தோடத் தரையைச் சரிவாக்குக. புண் இருப்பின் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுக. மருந்து தெளிப்பதாயினும் அவர் சொல்லும் அளவிலேயே தெளிக்க. பாலிலும் தீவனத்திலும் படலாகாது. இவ்வாறு மூடிய குழியில் எருவின் சத்தும் வீணாகாது.

ஆயினும் ஈக்கு வேலி இல்லை. ஒருவர் கொட்டில் சுத்தமாயிருந்தும் அடுத்த வீட்டுக் குப்பையில் பிறந்த ஈ பறந்து வரும். விவசாயியின் எருதுக்கும், நெசவாளர் வீட்டுப் பின்கட்டிலுள்ள ஒற்றைப் பசுவுக்கும் பகை ஒன்றே. ஆதலால் அங்கத்தினர்கள் தெருத்தெருவாகக் கூடிப் பேசி, வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, எல்லாக் கொட்டில்களையும் அன்றே சுத்தம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். தனியொருவரால் ஆகாதது கூட்டுறவால் ஆகும்.