குருக்களின் கட்டாய மணத்துறவு

குருக்களின் கட்டாய மணத்துறவு என்பது, கிறித்தவத் திருச்சபையில் குருப்பட்டம் பெறுவோர் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ வேண்டும் என விதிக்கும் ஒழுங்குமுறை ஆகும். இன்று இது முதன்மையாகக் கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் மரபில் நடைமுறையில் உள்ளது. கீழை மரபுவழித் திருச்சபைகளிலும் கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகள் பலவற்றிலும் மணமானவர்கள் குருக்களாகப் பணியாற்றுகின்றனர். சீர்திருத்தச் சபைகளில் போதகர்களும் பேராயர்களும் மணம் செய்துகொள்ளத் தடையில்லை.

மணத்துறவும் துறவறத்தாரின் கற்பு வார்த்தைப்பாடும் ஒன்றல்ல. துறவற சபையில் சேர்பவர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளைத் தாமே விரும்பி அளிக்கிறார். மறைமாவட்டக் குருவோ திருச்சபைச் சட்டத்தின்படி மணத்துறவை ஏற்கிறார். எனவே இச்சட்டம் எங்கிருந்து வந்தது, அதை மாற்ற இயலுமா என்ற கேள்விகள் தொடர்ந்து எழுகின்றன.

விவிலியப் பின்னணி

பழைய ஏற்பாட்டில் குருத்துவம் ஆரோனின் வழிமரபினருக்கு உரியது. தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் பணி ஆதலால் அங்குத் திருமணம் இயல்பாகவே தேவைப்பட்டது.

புதிய ஏற்பாட்டில் இரு வகையான கருத்துகள் காணப்படுகின்றன. ஒருபுறம், பேதுருவின் மாமியாரை இயேசு குணப்படுத்தியதாக மாற்கு நற்செய்தி (1:29-31) கூறுவதால் பேதுரு மணமானவர் என்பது தெளிவு. மற்றத் திருத்தூதர்களும் கேபாவும் மனைவியைத் தம்முடன் அழைத்துச் செல்லும் உரிமையைப் பவுல் குறிப்பிடுகிறார் (1 கொரிந்தியர் 9:5). அங்குள்ள கிரேக்கச் சொற்றொடர் மனைவியையே குறிக்கிறதா, பணிவிடை செய்த பெண்களைக் குறிக்கிறதா என்பதில் பழங்கால உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சபைக் கண்காணிப்பாளர் ஒரே மனைவியைக் கொண்டவராகவும் தம் குடும்பத்தை நன்கு நடத்துபவராகவும் இருக்க வேண்டும் என்கிறது 1 திமொத்தேயு 3:2-5. தீத்து 1:6 மூப்பர்களுக்கும் இதையே கூறுகிறது. திருமணத்தைத் தடைசெய்யும் போதனையை 1 திமொத்தேயு 4:3 கண்டிக்கிறது.

மறுபுறம், விண்ணரசின் பொருட்டு மணவாழ்வைத் துறப்போரைப் பற்றி இயேசு பேசுகிறார். அதை ஏற்கக்கூடியவர் ஏற்கட்டும் என்றும் கூறுகிறார் (மத்தேயு 19:12). மணமாகாதவர் ஆண்டவருக்கு உரியவற்றில் முழுக்கவனம் செலுத்த இயலும் என்பது பவுலின் கருத்து. ஆயினும் மணமாகாதோர் பற்றி ஆண்டவரின் கட்டளை எதுவும் தம்மிடம் இல்லை, தாம் சொல்வது அறிவுரையே என்று அவர் பிரித்துக் காட்டுகிறார் (1 கொரிந்தியர் 7:25-34). ஆக, மணத்துறவு புதிய ஏற்பாட்டில் போற்றப்படுகிறது. ஆனால் சபைப் பணியாளர் அனைவர் மீதும் விதிக்கப்படவில்லை.

தொடக்க நூற்றாண்டுகள்

முதல் மூன்று நூற்றாண்டுகளில் மணமான ஆயர்களும் குருக்களும் பலர் இருந்தனர். கி.பி. 305 அளவில் இசுபானியாவின் எல்வீராவில் கூடிய சங்கத்தின் 33-ஆம் விதி, ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகியோர் தம் மனைவியருடன் உறவு கொள்வதைத் தவிர்க்க வேண்டும் என்றது. இவ்விதி மணமானவர்களைக் குருப்பணியிலிருந்து விலக்கவில்லை. மணவாழ்விலேயே உடலுறவைத் தவிர்க்கச் சொன்னது. 385-இல் திருத்தந்தை சிரீசியுஸ், தாரகோனா ஆயர் இமேரியுசுக்கு எழுதிய மடலிலும் இதையே வலியுறுத்தினார். பழைய ஏற்பாட்டுக் குருக்கள் தம் முறை வந்த நாள்களில் மட்டும் மனைவியரை விட்டு விலகியிருந்தனர். கிறித்தவக் குருவோ எந்நாளும் திருப்பணியில் இருப்பவர் என்பது அவர் முன்வைத்த வாதம்.

கிழக்கும் மேற்கும்

கான்ஸ்டான்டினோபிளில் 691-692-இல் கூடிய துருல்லோ சங்கம் கிழக்கின் வழியை வரையறுத்தது. குருப்பட்டத்துக்கு முன் மணந்தவர் தம் இல்லற வாழ்வைத் தொடரலாம். பட்டம் பெற்றபின் மணம் செய்ய இயலாது. ஆயர் மனைவியைப் பிரிந்து வாழ வேண்டும். சங்கத்தின் 13-ஆம் விதி உரோமையின் வழக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை ஏற்க மறுத்தது. இதனாலேயே கீழைத் திருச்சபைகளில் ஆயர்கள் பெரும்பாலும் துறவியரிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

பதினோராம் நூற்றாண்டுச் சீர்திருத்தம்

சட்டம் இருந்தபோதிலும் மேற்கில் சிற்றூர்க் குருக்கள் பலர் குடும்பத்துடன் வாழ்ந்தனர். குருவின் மகன் தந்தையின் கோவிலையும் நிலத்தையும் உரிமையாக்கிக்கொள்வது திருச்சபைக்குப் பெரும் சிக்கலாயிற்று. வழிபாட்டுத் தூய்மை பற்றிய அக்கறையுடன் சொத்துப் பாதுகாப்பும் சீர்திருத்தத்துக்குக் காரணமானது.

இச்சீர்திருத்தத்தின் சுமை குருக்களின் மனைவி மக்கள் மீதும் விழுந்தது. 1022-இல் பாவியா சங்கம், குருக்களின் பிள்ளைகள் திருச்சபையின் அடிமைகளாவர் என்றது. 1059-இல் திருத்தந்தை இரண்டாம் நிக்கோலாஸ், பெண்ணுடன் வாழும் குருவின் திருப்பலியில் மக்கள் பங்கேற்கக் கூடாது எனத் தடை விதித்தார். 1074-இல் ஏழாம் கிரகோரி இதைக் கடுமையாகச் செயல்படுத்த முனைந்தபோது பிரான்சிலும் செருமனியிலும் குருக்கள் எதிர்த்தனர். 1089-இல் மெல்ஃபி சங்கம், பிரிய மறுக்கும் குருக்களின் மனைவியரை ஆட்சியாளர்கள் அடிமைப்படுத்தவும் இடமளித்தது.

1139-இல் இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருப்பட்டம் பெற்றவர் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்று தீர்மானித்தது. அதுவரை குற்றமாகக் கருதப்பட்டது, அதன்பின் திருமணமே அல்ல என்றானது.

சீர்திருத்த இயக்கமும் திரெந்து சங்கமும்

16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதிகள் இச்சட்டத்தை விவிலியத்தின் அடிப்படையில் எதிர்த்தனர். முன்னாள் துறவியான மார்ட்டின் லூத்தர் 1525-இல் முன்னாள் கன்னியர் கத்தரீனா வான் போராவை மணந்தார். 1530-இன் ஆக்சுபர்க் விசுவாச அறிக்கை குருக்களின் திருமணத்துக்குத் தனிப்பகுதியே ஒதுக்கியது. இங்கிலாந்தில் 1549-இல் குருக்கள் மணம் செய்யச் சட்டம் அனுமதித்தது. இதற்கு மறுமொழியாக 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் மணத்துறவை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் குருமடங்களை நிறுவவும் ஆணையிட்டது.

இந்தியாவில்

கேரளத்தின் தோமையார் கிறித்தவர்களிடையே மணமான குருக்கள் இருந்தனர். 1599-இல் கோவாப் பேராயர் அலெய்சோ தெ மெனேசஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம் அவர்கள் மீது மணத்துறவை விதித்தது. இன்றும் சீரோ மலபார் குருக்கள் மணத்துறவிகளே. மலங்கரை மரபுவழிச் சபையின் பங்குக் குருக்களோ பொதுவாகக் குடும்பத்தினர். தமிழகத்தில் கத்தோலிக்கப் பங்குத்தந்தை மணத்துறவியாகவும், தென்னிந்தியத் திருச்சபையின் போதகர் மனைவி மக்களுடனும் ஒரே ஊரில் வாழ்வதைக் காணலாம்.

இன்றைய நிலை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட குருக்கள் பற்றிய ஏடு, குருத்துவத்தின் இயல்பு மணத்துறவைக் கட்டாயமாகக் கோருவதில்லை என ஒப்புக்கொண்டு, ஆயினும் அது பொருத்தமானது என்றது. 1967-இல் ஆறாம் பவுல் சுற்றுமடல் வழியாகச் சட்டத்தைத் தக்கவைத்தார். 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 277-இல் இதைக் கூறுகிறது. 1990-இன் கீழைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மணமான குருக்களின் நிலையையும் மதிக்கச் சொல்கிறது. மணமான ஆங்கிலிக்கன் குருக்கள் கத்தோலிக்கராகும்போது சிலருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. 2019-இல் அமேசான் ஆயர் மன்றம், குருக்கள் அரிதாக உள்ள பகுதிகளில் மணமானவர்களைத் திருநிலைப்படுத்தப் பரிந்துரைத்தது. 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஊக்கவுரையில் அதற்கான அனுமதி இடம்பெறவில்லை.

கத்தோலிக்கப் போதனையின்படியே மணத்துறவு மாற்றமுடியாத விசுவாசக் கோட்பாடு அன்று. திருச்சபையின் ஒழுங்குமுறைச் சட்டம். ஆதரிப்போர் அதைத் தன்னையே முழுமையாகக் கையளிக்கும் அடையாளமாகவும் நெடுங்கால மரபாகவும் காண்கின்றனர். எதிர்ப்போர், கொடையாகச் சொல்லப்பட்டதைச் சட்டமாக்க இயலுமா என்று கேட்கின்றனர். இன்று விவாதம், மணத்துறவு நல்லதா என்பதைவிட, அதைக் குருப்பணியின் நிபந்தனையாக வைக்க வேண்டுமா என்பது குறித்தே நடைபெறுகிறது.