காலனி என்னும் சொல்



ஈரோட்டில் ரயில்வே காலனி இருக்கிறது. அங்கே குடியிருக்கிறோம் என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. சுற்றுவட்டார ஊர்களிலோ 'காலனிக்காரங்களா?' என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது விலாசத்தை அல்ல, சாதியை. ஒரே சொல் ஓரிடத்தில் முகவரியாகவும் இன்னோரிடத்தில் வசவாகவும் ஆனது எப்படி?

லத்தீன் மொழியில் 'கோலோனஸ்' என்றால் உழவர். ரோமானியர் தாம் வென்ற பகுதிகளில் தம் குடிமக்களுக்கும் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கும் நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் 'கோலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. பிற்காலத்தில், ஐரோப்பியர் கடல்கடந்து பிடித்த நாடுகளுக்கு அதுவே பெயரானது. ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தபோது குடியிருப்பு என்ற பொருளும் சேர்ந்தது.

விடுதலைக்குப் பின் அரசு நம் மக்களுக்கு ஊரைவிட்டுத் தள்ளித் தொகுப்பு வீடுகள் கட்டியது. அரிசன காலனி, ஆதிதிராவிடர் காலனி என்று பெயர் வைத்தது. நாளடைவில் முன்சொல் உதிர்ந்தது. வெறும் 'காலனி'யே சாதியைச் சொல்லப் போதுமானதாயிற்று.

சேரி என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். சங்க இலக்கியத்தில் அது மக்கள் சேர்ந்து வாழும் இடம். ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வந்துவிடுகின்றன.

2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இதை வரவேற்கிறோம். பள்ளியில் விலாசம் சொல்லும் பிள்ளைக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆனால் இழிவு சொல்லில் பிறக்கவில்லை. ஊருக்கும் குடியிருப்புக்கும் நடுவில் விட்ட இடைவெளியில் பிறந்தது. அந்த இடைவெளி இருக்கும்வரை, நாளை வைக்கும் அழகான பெயரும் வசவாகிவிடும். சேரிக்கு மாற்றாக வந்த காலனியே அதற்குச் சாட்சி.

உழவரின் பெயரில் பிறந்த சொல், இங்கே உழுது பிழைத்தும் சொந்த நிலமில்லாதவர்கள் மேல் ஒட்டப்பட்டது. ஆகவே, பெயர் மாற்றத் தீர்மானம் கிராம சபைக்கு வரும்போது நாம் கைதூக்குவோம். கூடவே வீட்டுமனைப் பட்டா, மயானத்துக்குப் பாதை, 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டுக் கைமாறிப்போன பஞ்சமி நிலங்களின் மீட்பு ஆகியவற்றையும் தீர்மானமாக எழுதச் சொல்வோம். பலகை மாறுவதோடு நிலமும் கைக்கு வரட்டும்.