உடையாத இடிபாடு

ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு மேசை. அதன்மேல் எதிரெதிரே இரண்டு படைகள். ஒவ்வொரு வீரனும் நம் கட்டைவிரலின் மேல்கணு உயரம்தான், ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். ஆடுகிறவர்கள் அளவுநாடாவால் தூரத்தை அளந்து வீரர்களை நகர்த்துவார்கள். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இந்த வகை ஆட்டங்களில் இன்று உலகெங்கும் பேர்பெற்றது, இங்கிலாந்தில் 1987-ல் வெளிவந்த வார்ஹாமர் 40,000. வெறும் மேசைமேல் இதை ஆடினால் சீக்கிரம் சலித்துவிடும். ஒளிந்துகொள்ள ஒரு சுவர், ஏறி நின்று சுட ஒரு மேடு, சுற்றிக்கொண்டு போகவைக்கும் ஒரு காடு இருந்தால்தான் மூளைக்கு வேலை வரும். இவற்றை ஆட்டக்காரர்கள் டெரெய்ன் என்கிறார்கள். நாம் நிலத்துண்டு என்று வைத்துக்கொள்வோம். இடிந்த கோட்டை ஒன்றின் மூலையைச் செய்வதாக எடுத்துக்கொண்டு, அது பல வருஷம் உழைக்க என்ன செய்யவேண்டும், ஏன் செய்யவேண்டும் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

நிலத்தைத் துண்டுதுண்டாகச் செய்து, வேண்டியபடி மாற்றி அடுக்கும் யோசனைக்கு இருநூறு வயதாகிறது. 1812-ல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் பிரபு தம் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியமுக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். ஆறும் சாலையும் குன்றும் புடைப்பாக வடித்து வண்ணம் தீட்டிய பிளாஸ்டர் சதுரங்களை அதன்மேல் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். நூறு வருஷம் கழித்து, 1913-ல், எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் ஆட்டத்தை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார். பலகைகளும் மரக்கட்டைகளும்தான் அவருக்கு மேடும் வீடும். மரத்துண்டுகளைச் சுடும் விசைப் பொம்மைப் பீரங்கியால் அந்தப் போர்க்களத்தில் நிஜமாகவே குறிபார்த்து அடித்தார்கள்.

இன்றைய நிலத்துண்டுக்குப் பீரங்கி அடி கிடையாது. ஆனாலும் அதன் வாழ்க்கை சுகமானதல்ல. பெட்டியிலிருந்து எடுக்கும்போது பக்கத்துத் துண்டோடு உரசும். மேசையில் வைக்கும்போது கீழ்விளிம்பு இடிபடும். உலோக வீரன் சரிந்து அதன்மேல் விழுவான், பகடை குதிக்கும், யாரோ ஒருவர் எட்டிக் கைநீட்டும்போது முழங்கை தட்டும். என்றாவது ஒருநாள் மேசையிலிருந்து தரைக்குப் போகும். இந்த அடிகளை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரியும்.

முதலில், ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிற ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம். நீடித்து உழைக்க வேண்டும் என்றதும் கெட்டியான, கனமான பொருளைத் தேடத் தோன்றுகிறது. கோட்டைச் சுவர்தானே, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துவிட்டால் கல்போல இருக்குமே என்று நினைக்கிறோம். கையில் எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். விழுந்தால்தான் கதை மாறும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 20 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 10 உயரம் என்று ஒரு பாறை. கனஅளவு மூன்று லிட்டர். பிளாஸ்டரில் வார்த்தால் மூன்று கிலோவுக்குக் குறையாது. கட்டடங்களில் வெப்பம் புகாமல் தடுக்கப் போடும் நீல, இளஞ்சிவப்பு நிற நுரைப்பலகையில் வெட்டினால் நூறு கிராம் அளவில் நிற்கும். இரண்டும் ஒரே மேசையிலிருந்து விழுந்தால், தரையில் மோதும் நேரத்தில் பிளாஸ்டர் பாறை சுமந்து வருகிற ஆற்றல் நுரைப்பாறையுடையதைப் போல முப்பது மடங்கு. போதாததற்கு பிளாஸ்டர் வளைந்து கொடுக்காது. அத்தனை ஆற்றலும் முதலில் தரையைத் தொட்ட மூலையில் இறங்கி அதைச் சில்லாக உடைத்துவிடும். அதாவது அதை உடைப்பது அதன் சொந்த எடைதான். கொலு வைக்கிற வீட்டில் இது தெரிந்த சங்கதி. கை தவறி விழுந்த மண் பொம்மை மூக்கையோ கையையோ இழக்கும். காகிதக்கூழ் பொம்மை உருண்டு போய் நிற்கும், எடுத்து மறுபடி படியில் வைத்துவிடலாம்.

ஆக, உடம்பு லேசாக இருக்கட்டும். ஆனால் நுரைக்கு ஒரு குறை உண்டு: நகம் பட்டாலே குழி விழும். இந்தக் குறை மேற்பரப்பில் இருக்கிறது, உள்ளே இல்லை. அதனால் உடம்பை நுரையிலேயே விட்டுவிட்டு, மேலே ஒரு நல்ல தோலைப் போர்த்துகிறோம். நீடித்து உழைக்கும் நிலத்துண்டின் ரகசியம் பெரும்பாலும் இந்தத் தோலில்தான் இருக்கிறது. அதற்குமுன் எந்த நுரை என்று பார்த்துவிடுவோம்.

நமக்குப் பழக்கமான வெள்ளைத் தெர்மாகோல், குட்டிக் குட்டி மணிகளை நீராவியில் உப்பவைத்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. வெட்டினால் மணிமணியாக உதிரும், விளிம்பு நிற்காது. நீல, இளஞ்சிவப்புப் பலகையும் அதே பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்தான். ஆனால் உருகிய பிளாஸ்டிக்கில் வாயுவைக் கலந்து ஒரு அச்சின் வழியே பிழிந்து எடுக்கிறார்கள். அதனால் மணிகளே இல்லை. கண்ணுக்குத் தெரியாத மூடிய அறைகள் தொடர்ச்சியாக இருக்கும். இதில் செங்கல் கோடுகளைப் பேனா முனையால் அழுத்தி வரைந்தாலே பதிந்துவிடும். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். மொட்டைமாடி வெப்பக்காப்பு வேலை செய்கிறவர்களிடம் இந்தப் பலகையின் துண்டுதுணுக்குகளைக் கேட்டுப் பார்க்கலாம். வெட்டப் புது பிளேடு வேண்டும். மழுங்கிய பிளேடு நுரையை அறுக்காது, பிய்க்கும். சூடான கம்பியால் வெட்டுவதானால் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

இனி தோல். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையையும் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தையும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்து, துண்டு முழுவதும் தூரிகையால் பூச வேண்டும். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அதிகம் கைபடும் இடங்களில் மூன்றாவது. ஒரே பூச்சாகக் கெட்டியாகப் போட்டால் கல் இடுக்குகளில் தேங்கி நாம் வரைந்த கோடுகளையெல்லாம் மூடிவிடும். கறுப்பு எதற்கு? விட்டுப்போன இடம் நீலமாகப் பல்லைக் காட்டும், உடனே கண்ணில் படும். இடுக்குகளில் தங்கும் கறுப்பு பிறகு நிழலாகவும் உதவும்.

இவ்வளவு மெல்லிய படலம் எப்படிக் காப்பாற்றும் என்று கேட்கத் தோன்றும். வெறும் நுரைமேல் நகம் அழுந்தும்போது அதன் நேர்கீழே உள்ள சில அறைகள் மட்டும் மொத்த அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. அவற்றின் சுவர்கள் நொறுங்கிவிடும், திரும்ப எழாது. மேலே ஒட்டிய படலம் இருந்தால், நகம் அதை அழுத்தும்போது படலம் இழுபட்டு அக்கம்பக்கத்து அறைகளையும் சுமைக்கு அழைக்கிறது. அழுத்தம் பகிரப்படுவதால் எந்த அறையும் எளிதில் நொறுங்குவதில்லை. இதனால்தான் காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழ்வு உள்ள பசையைத் தேர்ந்தெடுக்கிறோம். வீரர்கள் நிற்கும் தளத்துக்கு இன்னும் உறுதி வேண்டுமென்றால் சலித்த மெல்லிய மணலைக் கலவையில் சேர்க்கலாம். அளவோடு சேர்க்க வேண்டும். மணல் கூடினால் தோல் நெகிழ்வை இழந்து, நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய பிளாஸ்டர் மாதிரியே வெடிக்கத் தொடங்கும்.

இந்தத் தோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டப்பாவில் வரும் ஸ்ப்ரே பெயின்டை வெறும் நுரைமேல் அடித்தால் கண்முன்னே கரைந்து குழியாகும். பெயின்டில் உள்ள அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டத்தின் பிளாஸ்டிக் வீரர்கள் பெரும்பாலும் அதே பாலிஸ்டைரீன்தான். அவர்கள்மேல் அதே ஸ்ப்ரேயை அடித்தால் ஒன்றும் ஆவதில்லை. வீரன் முழுக்கப் பிளாஸ்டிக். கரைப்பான் மேல்பரப்பைத் தொட்டுவிட்டுக் காற்றில் போய்விடும். நுரையிலோ பெரும்பகுதி காற்று, பிளாஸ்டிக் வெறும் சவ்வு. சவ்வு கரைந்தால் தாங்க ஒன்றும் இல்லை. வீரர்களின் கைகால்களை ஒட்டும் பிளாஸ்டிக் பசைகூட இந்தக் கரைப்பைத்தான் நல்ல வேலைக்குப் பயன்படுத்துகிறது: இரண்டு பரப்புகளையும் சற்று கரைத்து ஒன்றாக உறையவைக்கிறது. நமக்கு இங்கே பாடம் எளிது. தோலில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஸ்ப்ரே உள்ளே புகுந்து குகை தோண்டும். தூரிகையும் நீரில் கரையும் அக்ரிலிக்கும் இருக்கும்போது ஸ்ப்ரேயை நாடாமல் இருப்பதே நல்லது.

நுரையை நுரையோடு ஒட்டும்போது வெள்ளைப் பசை நம்மை ஏமாற்றும். அது காய்வதென்றால் அதிலுள்ள நீர் வெளியேற வேண்டும். இரண்டு மூடிய அறைப் பலகைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நீருக்கு வழி ஏது? ஓரம் காய்ந்து உள்ளே நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். சூட்டில் உருக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கியைக் குறைந்த சூட்டில் வைத்துப் பயன்படுத்தலாம். இரண்டு துண்டையும் துளைத்து மூங்கில் குச்சி ஒன்றைச் செருகிவிட்டால் இன்னும் நல்லது. பசை விட்டாலும் குச்சி விடாது. தோல்செருப்புக்குப் போடும் ரப்பர் சொல்யூஷன் வேண்டாம். அதிலும் கரைப்பான் இருக்கிறது.

அடுத்தது அடிப்பலகை. அழகு பார்க்கும் ஆர்வத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, நிலத்துண்டுகள் அதிகம் சேதப்படுவது கீழ்விளிம்பில்தான். ஒவ்வொரு முறை மேசையில் வைக்கும்போதும் அங்கேதான் இடி விழுகிறது. மூன்று மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகையைச் சுவரைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, விளிம்பைச் சரிவாக உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் சுவரை ஒட்ட வேண்டும். இனி இடி பலகைக்கு, சுவருக்கு அல்ல. சரிவான விளிம்பு எளிதில் சில்லு போகாது, மேசையோடும் கண்ணுக்கு இசைவாகக் கலந்துவிடும்.

பலகைக்கும் ஒரு வியாதி உண்டு, வளைவு. மேலே மட்டும் ஈரப் பசையும் மணலும் போட்டால் மேல்பக்கம் நீரைக் குடித்து விரியும். பிறகு பசை காயக் காயச் சுருங்கி, பலகையின் ஓரங்களை மேல்நோக்கி இழுக்கும். கோட்டை ஆடத் தொடங்கும். மருந்து மிகச் சுலபம்: மேலே பூசும் அன்றே அடிப்பக்கத்திலும் அதே கலவையைப் பூசிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் பலகை நடுவில் நேராக நிற்கும். நீர் குடிக்காத பி.வி.சி. நுரை அட்டை கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் அது கிடைக்கும்.

சுவரின் வடிவத்துக்கு வருவோம். வீரனின் வட்டப் பீடம் 25 அல்லது 32 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். மேல்தளம் அதைவிடக் குறுகலாக இருந்தால் அங்கே யாரும் நிற்க முடியாது. நிஜக் குன்றுபோல வழவழவென்று சரிவு வைத்தால் வீரர்கள் வழுக்கி விழுவார்கள், அதனால் படிப்படியாக வெட்டுகிறோம். உள்ளே இருக்கும் வீரனை எடுக்க இரண்டு விரல் போக இடம் வேண்டும். நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும், கொடிக்கம்பமோ உடைந்த உத்தரமோ மரக்கிளையோ, முதலில் அதுதான் போகும். அதை வளையும் கம்பியில் செய்யலாம், அல்லது காந்தம் வைத்துத் தட்டினால் கழன்று வரும்படி செய்யலாம். மெல்லிய நுரைக்கீற்றாக மட்டும் விடக் கூடாது.

தரையில் தூவும் மணலுக்கு இரண்டு முறை பசை தேவை. முதல் பசையில் மணலின் அடிப்பாகம்தான் ஒட்டியிருக்கும். கைபட்டால் மேல்மணல் பொலபொலவென்று கொட்டும். காய்ந்தபின் வெள்ளைப் பசையைத் தண்ணீராகக் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, மேலே மெதுவாகச் சொட்டவிட வேண்டும். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் கலவை உருண்டு நிற்காமல் மணலுக்குள் இறங்கும்.

வண்ணம் தீட்டுவது இதற்கெல்லாம் பிறகு வரும் இன்பமான வேலை, சிரமமே இல்லாதது. கறுப்புத் தோல்மேல் கருஞ்சாம்பல். அதன்பின் தூரிகையை வண்ணத்தில் தோய்த்து, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, வெளிர்சாம்பலை மேலாக உரசினால் கற்களின் விளிம்புகள் மட்டும் வெளிச்சம் வாங்கும். சுவரின் அடியில் கொஞ்சம் பழுப்பு, ஈரம் ஏறிய இடத்தில் கொஞ்சம் பாசிப்பச்சை.

கடைசியாக நீரில் கரையும் மங்கல் வார்னிஷ் இரண்டு பூச்சு. இதைத் தவிர்க்க வேண்டாம் என்பேன். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரக்காற்றில் சற்று இளகும். மழைக்காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த துண்டுகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோலோடு உரிந்துவிடும். வார்னிஷ் போட்டு, முழுவதும் காய ஒரு வாரம் விட்டு, பெட்டியில் வைக்கும்போது நடுவே பழைய பருத்தித் துணி போட்டால் அந்தத் தொல்லை இல்லை. சுவருக்குப் பூசிய சாம்பல் வண்ணத்தில் கொஞ்சத்தை ஒரு சின்னச் சீசாவில் மூடி அதே பெட்டியில் போட்டுவையுங்கள். என்றாவது ஒரு மூலை சில்லு போனால், ஒரு சொட்டுப் பசை, ஒரு தொடுகைச் சாம்பல். மறுநாள் ஆட்டத்துக்குத் தயார்.